அழுக்கு நீரை வெளுக்கும் கரி

கோரை என்றால் நமக்குப் பாய் நினைவுக்கு வரும். அதே கோரை நெல் வயலில் தலைகாட்டினால் களை. பிடுங்கி வரப்பில் எறிந்துவிடுவோம். இந்தக் கோரைக்கு மூன்றாவதாக ஓர் உத்தியோகம் இருக்கிறது, ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் உத்தியோகம், என்று சொன்னால் கேட்பவர்கள் முகத்தில் சந்தேகப் புன்னகை ஒன்று தோன்றத்தான் செய்யும்.

1952-ல் மேற்கு ஜெர்மனியில் கேத்தே ஸைடல் என்ற தாவரவியல் நிபுணர் இந்தக் காரியத்தில் இறங்கியபோது எல்லோரும் அதை நம்பிவிடவில்லை. ப்ளோன் நகரில் இருந்த மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த அம்மையார் ஏரிக் கோரையை வளர்த்து, அதன் வேரில் கழிவு நீரைப் பாய்ச்சிப் பார்த்தார். நம் பத்தமடைக் கோரைக்கு அது ஒன்றுவிட்ட உறவு. அந்த நாட்டுக்காரர்களும் அதில் பாய் முடைவதுண்டு. சாக்கடை என்றால் கான்கிரீட் தொட்டியும், காற்று ஊதும் யந்திரமும், அதை ஓட்டப் பொறியாளரும் வேண்டும் என்று இருந்த காலம். அந்த நீரில் செடி உயிரோடு இருக்குமா என்பதே பலருக்கு ஐயமாக இருந்தது. செடி உயிரோடு இருந்தது. பீனால் போன்ற நச்சுப் பொருள் கலந்த நீரிலும் தாக்குப் பிடித்தது.

இன்று உலகெங்கும் இத்தகைய நாணல் படுகைகள் இருக்கின்றன. செயற்கைச் சதுப்பு நிலம் என்று அவற்றுக்குப் பெயர். அந்தப் படுகைகளின் அடியில் கருங்கல் ஜல்லியோடு கரியையும் கொட்டினால் என்ன என்பதே இப்போது ஆராய்ச்சியாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. வெறும் விறகுக் கரிதானே என்று தள்ளிவிட வேண்டாம். சங்கதி கொஞ்சம் ஆழமானது.

படுகைக்குள் நடப்பது என்ன?

முதலில் இந்தச் சதுப்பு நிலத்தை மனக்கண்ணால் பார்த்துவிடுவோம். இடுப்பளவுக்கும் குறைவான ஒரு பள்ளம். அடியில் நீர் இறங்காதபடி களிமண்ணோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டிருக்கும். அதற்கு மேல் ஏறக்குறைய இரண்டடி உயரத்துக்கு ஜல்லி. ஜல்லியில் நாணல், சம்பு, கோரை, கல்வாழை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நடப்பட்டிருக்கும். வீடுகளிலிருந்து வரும் கழிவு நீர் ஒரு தொட்டியில் தங்கி, கசடு அடியில் படிந்தபின், இந்தப் படுகையின் ஒரு முனையில் நுழைகிறது. ஜல்லிக்குள்ளேயே மெதுவாக ஊர்ந்து, சில நாட்கள் கழித்து மறுமுனையில் வெளியே வருகிறது. நீர் மேலே தெரிவதே இல்லை. ஆகவே கொசு இல்லை. நாற்றமும் அவ்வளவாக இல்லை. கல்வாழை பூத்திருக்கும் காலத்தில் பார்ப்பவர்கள் பூந்தோட்டம் என்றே எண்ணிக்கொண்டு போவார்கள்.

சுத்தம் செய்வது யார்? செடி என்று பலர் நினைக்கிறார்கள். செடிக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் பெரும் பங்கு அதற்கில்லை. உண்மையில் உழைப்பவை ஜல்லியின் மேலும் வேர்களின் மேலும் வழவழவென்று பாசி போலப் படிந்திருக்கும் நுண்கிருமிகள். கிருமி என்றவுடன் நோய்க் கிருமி என்று பயப்பட வேண்டாம். தயிரைத் தோய்ப்பதும் கிருமிதான். இவை அழுக்கை உண்டு வாழ்பவை. சாக்கடை அவற்றுக்குச் சாப்பாடு. ஜல்லி அவற்றுக்கு வீடு. நாணலின் தண்டு உள்ளே துளையுள்ளது. மேலே உள்ள காற்றை அந்தத் துளை வழியே வேருக்கு இறக்கிக் கொடுத்து, வேரைச் சுற்றிக் கிருமிகளுக்குச் சிறிது பிராணவாயுவும் தருகிறது. ஆகச் செடி வீட்டுக்காரர்; கிருமிகள் குடித்தனக்காரர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த வீடுதான். வேருக்கு அடியில் எதைக் கொட்டி நிரப்புவது என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் கடந்த எழுபது ஆண்டுகளாக இந்தச் சாத்திரம் வளர்ந்து வந்திருக்கிறது.

களிமண் கற்பித்த பாடம்

ஸைடல் அம்மையாருடன் சில காலம் சேர்ந்து உழைத்தவர் ரைன்ஹோல்ட் கிக்கூத். பிற்பாடு இருவர் வழியும் பிரிந்தது. கிக்கூத் களிமண் கலந்த வளமான மண்ணையே படுகையில் நிரப்பலாம் என்றார். மண்ணில் நீர் எளிதில் புகாதே என்று கேட்டவர்களுக்கு, நாணல் வேர் இறங்க இறங்க மண் தானே பொலபொலவென்று ஆகிவிடும், இரண்டு மூன்று ஆண்டுகளில் நீர் தாராளமாக ஓடும் என்பது அவர் பதில். 1974-ல் ஜெர்மனியின் ஓத்ஃப்ரெஸன் என்ற ஊரில் அவருடைய முறைப்படி பெரிய படுகை ஒன்று வேலை செய்யத் தொடங்கியது.

வேர் இறங்கியது, ஆனால் மண் அவர் எதிர்பார்த்தபடி இளகவில்லை. இம்முறையில் அமைத்த பல படுகைகளில் கழிவு நீர் மண்ணுக்குள் புகாமல் மேலாகவே வழிந்தோடியது. கிருமிகளின் வீட்டுக்குள் விருந்தாளி நுழையவே இல்லை, வாசலோடு போய்விட்டார். 1980-களின் பிற்பாதியில் பிரிட்டிஷ் பொறியாளர்கள் இந்த முறையைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனபோது மண்ணைக் கைவிட்டு ஜல்லிக்கு மாறினார்கள். மற்ற நாடுகளும் அந்த வழியில் போயின.

டச்சுக்காரர்கள் வேறொரு வழியில் போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1967-ல் எல்பர்க் அருகே கோடைக் காலத்தில் நாளொன்றுக்கு 6,000 பேர் வரை கூடாரமடித்துத் தங்கும் ஓர் இடத்தின் கழிவு நீருக்காக அவர்கள் நட்சத்திர வடிவில் ஒரு ஹெக்டேர் குளத்தை வெட்டிக் கோரையை நட்டார்கள். அதில் நீர் மேலாகவே நின்றது. நம் நாட்டில் கல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் பரப்பில் நகரத்துச் சாக்கடை நீரைக் கொண்டே மீன் வளர்க்கும் ஏரிகள் இந்த ஜாதிக்குத் தூரத்துச் சொந்தம். அந்தக் கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

ஜல்லிக்கு வருவோம். ஜல்லியில் நீர் நன்றாக ஓடுகிறது. கரைந்திருக்கும் அழுக்கில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆனால் அம்மோனியா மட்டும் அடம் பிடிக்கிறது. சிறுநீரிலிருந்து வருவது அது. ஆற்றில் கலந்தால் மீனுக்கு நஞ்சு. அதை மாற்றும் கிருமிகளுக்குப் பிராணவாயு நிறைய வேண்டும். ஜல்லிப் படுகைக்குள்ளோ எப்போதும் நீர் நிறைந்திருப்பதால் மூச்சு முட்டும் நிலை. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கக் காற்று வேண்டும். அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பக் காற்று இருக்கக் கூடாது. ஒரே வீட்டில் ஓர் அறை திறந்திருக்க வேண்டும், அடுத்த அறை அடைத்திருக்க வேண்டும். வழவழப்பான கருங்கல் துண்டில் அறை ஏது?

பானைக்குள் இருந்த விஞ்ஞானம்

இங்கேதான் கரி வருகிறது.

கரிக்கும் நீருக்கும் உள்ள சிநேகம் புதியதல்ல. ஒன்றன்மேல் ஒன்றாகப் பானைகளை அடுக்கி, ஒன்றில் மணலும் ஒன்றில் கரியும் போட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கும் நீரைக் குடித்த வீடுகள் நம் ஊர்களில் இருந்தன. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்தப் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்காதவர் யார்? ரஷ்யாவில் 1785-ல் டோபியாஸ் லோவிட்ஸ் என்ற ரஸாயன நிபுணர், கலங்கிய நிறமுள்ள திரவத்தில் கரித்தூளைப் போட்டால் நிறம் போய்விடுவதைக் கண்டார். பிறகு சர்க்கரை ஆலைகள் எலும்புக் கரியை வைத்துப் பழுப்புப் பாகை வெளுத்தன. முதல் உலக மகாயுத்தத்தில் எதிரி விட்ட விஷ வாயுவைத் தடுக்கும் முகமூடிக்குள்ளும் கரியே இருந்தது. 1918-ல் அமெரிக்க மக்கள் முகமூடிக் கரிக்காகப் பீச் பழக்கொட்டைகளையும் தேங்காய்ச் சிரட்டைகளையும் சேகரித்துக் கொடுத்தார்கள். கருப்பான பொருள் வெள்ளையாக்குகிறது என்பது பார்க்கப்போனால் வேடிக்கைதான்.

இப்போது படுகையில் போடச் சொல்லும் கரிக்கு ஆங்கில நாடுகளில் பயோசார் என்று பெயர். பெயர் புதிது, பொருள் பழையது. மரத்துண்டு, மக்காச்சோளக் கட்டை, உமி, கடலைத் தோல், சிரட்டை என்று எந்தத் தாவரக் கழிவையும் காற்றுப் புகாமல் 300 முதல் 700 டிகிரி சென்டிகிரேட் வரை வேகவைத்தால் கிடைப்பது. காற்றிருந்தால் எரிந்து சாம்பலாகும். காற்றில்லாததால் கரியாக நின்றுவிடுகிறது. தென் அமெரிக்காவில் அமேசான் காட்டுப் பழங்குடி மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மண்ணில் கரி கலந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் வாழ்ந்த இடங்களில் மண் இன்றைக்கும் கறுப்பாக, வளமாக இருக்கிறது. கரி மக்காது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. உழவர்களுக்காகவே பயோசாரின் பெயர் முதலில் பரவியது. சாக்கடைப் பக்கம் அது வந்தது பிற்பாடுதான்.

ஒரு கிராமுக்குள் ஒரு கிரவுண்டு

நன்றாகச் சுட்ட கரியில் ஒரு கிராம் எடுத்து அதன் உள்ளறைகளின் சுவர்களையெல்லாம் பிரித்துத் தரையில் விரிக்க முடியுமானால் சில நூறு சதுர மீட்டர் வரும். சென்னையில் மனை விற்பவர்கள் சொல்லும் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதாவது ஏறக்குறைய 223 சதுர மீட்டர். ஆக ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஒரு கிரவுண்டு மனை அடங்கியிருக்கிறது! அதற்கு எதிரே சுண்டைக்காய் அளவுள்ள ஒரு ஜல்லிக் கல்லைப் பாருங்கள். அதன் மேற்பரப்பு 3 சதுர சென்டிமீட்டர்தான்.

இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, அத்தனை மனையிலும் கிருமிகள் குடியேறிவிடும் என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. கரியின் அறைகள் இரண்டு ரகம். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோன குழாய்கள் சுட்ட பின்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை. கிருமியின் அளவோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகக் குழாய்களுக்குள் அது தாராளமாகக் குடும்பம் நடத்தலாம். இன்னொரு ரகம், சூட்டில் புதிதாக உண்டான நுண்துளைகள். அவை மில்லிமீட்டரில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலே சொன்ன ஒரு கிரவுண்டில் பெரும்பகுதி இந்தத் துளைகளில்தான் இருக்கிறது. கிருமி தலையைக்கூட உள்ளே நீட்ட முடியாது.

ஆனாலும் அந்தத் துளைகள் வீண் அல்ல. நீரில் கரைந்த சிறு மூலக்கூறுகள் அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும். மருந்து மாத்திரைகளின் மிச்சம், சாயத் துகள், பூச்சிமருந்து முதலியவை அவ்விதம் பிடிபடுகின்றன. நாம் விழுங்கும் மாத்திரையில் ஒரு பகுதி உடம்பில் செரிக்காமல் அப்படியே சாக்கடைக்குப் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. சாதாரண ஜல்லிப் படுகை அவற்றில் பலவற்றை விட்டுவிடும். கரி பிடித்து வைத்துக்கொள்கிறது. வாசலில் குடியிருக்கும் கிருமிகள் சாவகாசமாக அதைத் தின்ன நேரம் கிடைக்கிறது. இட்லிக் கடையில் தட்டில் போட்டவுடன் காலியாவதற்கும், வீட்டில் உறியில் வைத்து வேண்டும்போது எடுத்துச் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மோனியா விஷயத்திலும் கரியின் மேற்பரப்பு உதவுகிறது. அதில் எதிர் மின்னேற்றம் உண்டு. அம்மோனியா நீரில் நேர் மின்னேற்றத்துடன் திரிவதால் வந்து ஒட்டிக்கொள்கிறது. இதைப் பயன்படுத்த நல்ல யுக்தி ஒன்று இருக்கிறது. படுகையைச் சில மணி நேரம் நிரப்பி வைத்து, பிறகு முழுவதும் வடித்துவிடுவது. கடலில் ஓதம் ஏறி இறங்குவது போல. நிரம்பியிருக்கும்போது கரி அம்மோனியாவைப் பிடிக்கிறது. வடிந்ததும் கரியின் குழாய்களுக்குள் காற்று புகுந்துகொள்கிறது. கிருமிகள் அந்தக் காற்றைக் கொண்டு அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகின்றன. மறுபடி நிரப்பினால் காற்றில்லாத மூலைகளில் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிறது. மேலே கேட்ட திறந்த அறையும் அடைத்த அறையும் ஒரே கரித்துண்டில் அமைந்துவிட்டன.

சீனாவில்தான் இந்த ஆராய்ச்சி மும்முரமாக நடக்கிறது. குழாய்களிலும் சிறு தொட்டிகளிலும் ஜல்லியை ஒரு பக்கமும் கரியை ஒரு பக்கமும் வைத்து, ஒரே கழிவு நீரை இரண்டிலும் விட்டு அளந்த சோதனைகள் ஏராளம். கரைந்த அழுக்கு, நைட்ரஜன் இரண்டிலும் கரியின் பக்கம் தேவலை என்றே பெரும்பாலும் முடிவு வந்திருக்கிறது.

கரியால் ஆகாதவை

சோப்புத்தூளிலிருந்தும் மனிதக் கழிவிலிருந்தும் வரும் பாஸ்பரஸ், ஏரிகளில் ஆகாயத்தாமரையையும் பச்சைப் பாசியையும் கொழிக்க வைப்பது. அது நீரில் எதிர் மின்னேற்றத்துடன் இருக்கிறது. கரிக்கும் எதிர் மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே வெறும் கரி பாஸ்பரஸைப் பிடிப்பதில் கெட்டிக்காரன் அல்ல. மணலில் கரியைக் கலந்து பார்த்த சில சோதனைகளில் வெறும் மணலே சளைக்கவில்லை. இரும்பு, மக்னீஷியம், சுண்ணாம்பு ஆகியவற்றின் உப்பில் கரியை ஊறவைத்துச் சுட்டால் அந்தக் குறை தீரும். செலவு ஏறும்.

உப்பையும் கரி அகற்றாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் உத்தரவிடும் நிலை வந்ததற்கு நொய்யலில் கலந்த உப்பு முக்கியமான காரணம். அந்த நீரை நாணலும் கரியும் சேர்ந்தாலும் குடிநீராக்க முடியாது. யாராவது முடியும் என்றால் நம்ப வேண்டாம்.

இன்னொரு சங்கதி, சோதனைகளின் வயது. பெரும்பாலானவை சில மாதங்களே நடந்தவை. புதுக் கரி எல்லாவற்றையும் பிடிக்கும். துளைகள் நிறைந்தபின் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பிடித்துவைத்ததைக் கிருமிகள் தின்று இடத்தைக் காலி செய்துகொண்டே இருந்தால் கரி நீடித்து உழைக்கும். அப்படி நடக்கிறது என்பதற்கு அறிகுறிகள் உண்டு. ஆனால் ஆறு மாதச் சோதனையைக் காட்டி இருபது ஆண்டுக்கு உத்தரவாதம் கொடுப்பது, மணப்பெண் பார்க்கப் போன அன்று சாப்பிட்ட பஜ்ஜியை வைத்து அவள் சமையலுக்குச் சான்றிதழ் எழுதுவது போல.

கையாளும் விதத்திலும் சில தொல்லைகள் இருக்கின்றன. காய்ந்த கரி நீரில் மிதக்கும். அப்படியே கொட்டினால் முதல் மழைக்கு எல்லாம் மேலே வந்துவிடும். பல நாள் ஊறவைத்து, நடுவில் பரப்பி, மேலே ஜல்லி போட்டு அமுக்க வேண்டும். தூளை முன்பே சலித்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இடுக்குகளை அடைத்துக்கொண்டு, கிக்கூத்தின் களிமண் கதை மறுபடியும் நடக்கும். உமிக் கரி போன்றவை மெத்தென்று இருப்பதால் சீக்கிரம் நொறுங்கும். சிரட்டைக் கரியும் கெட்டி மரக் கரியும் தேவலை.

எவ்வளவு கரி வேண்டும்?

ஆயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். குளிர் நாடான ஐரோப்பாவில் கிடைமட்டப் படுகைக்கு ஆளுக்கு 5 சதுர மீட்டர் இடம் ஒதுக்கினார்கள். நம் வெயிலில் கிருமிகள் சுறுசுறுப்பாக வேலை செய்வதால் அவ்வளவு வேண்டாம். ஆளுக்கு 2 சதுர மீட்டர் என்று வைத்தால் 2,000 சதுர மீட்டர். ஏறக்குறைய அரை ஏக்கர். இரண்டடி ஆழத்துக்கு 1,200 கன மீட்டர் நிரப்ப வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கரி என்றால் 240 கன மீட்டர். கரி இலேசானது, ஒரு கன மீட்டர் 250 கிலோ என்று கொண்டாலும் 60 டன் வந்துவிடுகிறது. நான்கு டன் காய்ந்த விறகுக்கு ஒரு டன் கரி என்ற கணக்கில் 240 டன் விறகு!

ஒரே ஊருக்கு இவ்வளவு. இதற்காக மரத்தை வெட்டினால் விளக்கெண்ணெய் வாங்க வீட்டை விற்றவன் கதைதான். வெட்டினால் பாவமில்லாத மரம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கங்களில் கண்மாய்களையும் தரிசுகளையும் அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேல். அங்கே ஏழைக் குடும்பங்கள் பல, மூட்டம் போட்டு அதைக் கரியாக்கியே பிழைக்கின்றன. கொங்கு நாட்டில் தேங்காய்த் தொட்டி மலைமலையாகக் கிடைக்கிறது. காங்கேயம் வட்டாரத்துத் தொட்டிக்கரி கடல் கடந்து போகும் சரக்கு.

ஆனால் இதிலே ஒரு முள் இருக்கிறது. அதே கொங்கு நாட்டில் தொட்டிக்கரி சுடும் ஆலைகளால் தங்கள் கிணற்று நீர் நிறம் மாறிக் கெட்டுவிட்டது என்று விவசாயிகள் முறையிட்டிருக்கிறார்கள், போராட்டங்களும் நடந்திருக்கின்றன. சுட்ட கரியை நீர் விட்டு அணைக்கும்போது தாரும் பீனாலும் கலந்த நீர் மண்ணில் இறங்குகிறது. ஓர் ஊரின் சாக்கடையைச் சுத்தம் செய்ய இன்னோர் ஊரின் கிணற்றைக் கெடுப்பதா? மூட்டத்திலிருந்து வரும் புகையும் அப்படியே. மூடிய உலையில் சுட்டு, கிளம்பும் வாயுவை அந்த உலைக்கே எரிபொருளாகத் திருப்பிவிட்டால் புகை பெருமளவு குறையும். அணைக்கும் நீரை மண்ணில் விடாமல் தொட்டியில் பிடித்துத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். இவை தெரிந்த முறைகளே. மூட்டம் போடும் ஏழைக்கு அந்த உலையை வாங்கிக் கொடுப்பது யார் என்பதுதான் தெரியவில்லை.

தேவை யாருக்கு?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். இந்திய நகரங்களில் அப்போது நாள்தோறும் உண்டான கழிவு நீர் 7,236 கோடி லிட்டர். அதைச் சுத்தம் செய்ய அமைக்கப்பட்டிருந்த நிலையங்களின் திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்தமானது 2,023 கோடி லிட்டர் மட்டுமே. நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் அப்படியே ஆற்றுக்கும் ஏரிக்கும் போயிற்று. மூன்றாவது எண்ணை மறுபடியும் பாருங்கள். நிலையம் கட்டியும் முழுத் திறனுக்கு ஓடவில்லை. யந்திர நிலையத்துக்கு மின்சாரமும் தேர்ந்த ஆட்களும் நாள்தோறும் வேண்டும். பெரிய மாநகராட்சிகள் சமாளிக்கலாம். சிறு பேரூராட்சி மின்கட்டணத்துக்கு எங்கே போகும்?

நாணல் படுகைக்கு ஏற்ற இடம் அத்தகைய சிற்றூர்கள்தான். சென்னை போன்ற நகரத்துக்கு இது ஆகாது. ஆளுக்கு 2 சதுர மீட்டர் என்றால் ஒரு கோடிப் பேருக்கு எங்கே இடம்? கிராமங்கள், கல்லூரி விடுதிகள், ஆஸ்பத்திரிகள், புறம்போக்கு நிலம் உள்ள பேரூராட்சிகள் ஆகியவற்றுக்குப் பொருந்தும். தில்லியில் பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் நாளொன்றுக்கு 22 லட்சம் லிட்டர் கழிவு நீரைச் சம்புப் படுகைகளில் சுத்தம் செய்து வயலுக்குப் பாய்ச்சும் ஏற்பாட்டைச் செய்தார்கள். புதுச்சேரிக்கு அருகே ஆரோவிலில் இத்தகைய ஜல்லிப் படுகைகள் பல ஆண்டு அனுபவம் உள்ளவை. புதிதாகப் படுகை அமைக்கும் ஊர் எதுவானாலும் இரண்டு படுகைகளாக அமைத்து, ஒன்றில் ஜல்லி மட்டும், மற்றதில் ஜல்லியோடு ஐந்தில் ஒரு பங்கு கரி என்று போட்டு, இரண்டு முழு ஆண்டுகள் வாரந்தோறும் அம்மோனியாவை அளந்து பார்க்கலாம். அதிகம் செலவாகாது. பக்கத்துக் கல்லூரியின் ரஸாயனப் பகுதி மாணவர்களே அளந்துவிடுவார்கள். தொட்டியில் செய்த நூறு சோதனைகளைவிட அந்த ஒரு சோதனை நம் ஊருக்கு அதிகம் சொல்லும்.

ஆண்டுகள் கழித்துப் படுகையைப் பிரிக்கும்போது அந்தக் கரியை என்ன செய்வது என்று கேட்கலாம். வீட்டுக் கழிவு நீர் மட்டும் ஓடிய படுகையானால் அதில் நைட்ரஜனும் கொஞ்சம் பாஸ்பரஸும் ஏறியிருக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, கன உலோகம் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, தென்னந்தோப்பில் குழி வெட்டிப் போடலாம். தோல் ஷாப்புக் கழிவோ பட்டறைக் கழிவோ ஒருமுறை கலந்திருந்தாலும் போடக் கூடாது. குரோமியம் கரியோடு தோப்புக்குப் போய்விடும்.